இடிந்த கோவிலும் அழியாத முத்திரையும்



நம் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இராமேசுவரம் போகிற குடும்பங்கள் தனுஷ்கோடியையும் பார்த்து வருவதுண்டு. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் வழியும் எளிதாயிற்று. அங்கே கூரையின்றி நிற்கும் கோவிலைப் பலரும் படம் பிடிக்கிறார்கள். மறுமுறை போய் எடுத்த படத்தைப் பழைய படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பவளக்கல்லால் கட்டிய சுவர்கள் உப்புக்காற்றில் தேய்ந்து வருவது விளங்கும்.

1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலில் அவ்வூரைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் பிரயாணிகளோடு மூழ்கிற்று.

கேள்வி: அது இன்னும் கோவில்தானா?

விடை: பெரும்பகுதி இடிந்துபோன கோவில் தன் அர்ச்சிப்பை இழந்துவிடுகிறது. இது திருச்சபைச் சட்டம் (எண் 1212).

கேள்வி: அப்படியானால் அங்கே ஜெபிப்பது எதற்கு?

விடை: கட்டிடத்தின் அர்ச்சிப்பு நீங்கலாம், ஞானஸ்நானம் ஆத்துமத்தில் பதிக்கும் முத்திரையோ ஒருக்காலும் நீங்காது. அங்கே முழந்தாளிட்டு வேண்டியவர்கள் மரித்தாலும் சர்வேசுரனுக்குச் சொந்தமானவர்களே. அவர்களுக்காக வேண்டிக்கொள்வது நம் கடமை. படம் எடுத்ததனால் அந்தக் கடன் தீராது.

ஆகையால் அங்கே போகும்போது சுவரில் பெயர் கீறாதீர்கள்; கல்லைப் பெயர்த்து வராதீர்கள். படம் எடுக்குமுன் பிள்ளைகளோடு நின்று, மரித்த விசுவாசிகளுக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லுங்கள்.

இவ்வார நற்செயல்: ஒவ்வொரு பிள்ளைக்கும் அது ஞானஸ்நானம் பெற்ற நாளையும் கோவிலையும் சொல்லிக் கொடுங்கள். அந்தக் கோவில் நாளை இடிந்தாலும், அங்கே பெற்ற முத்திரை அப்பிள்ளையை விட்டு அகலாது.