ஆட்டு ரோமமும் சினையாட்டின் தீனியும்

தமிழ்நாட்டுச் செம்மறியாடுகளிற் பெரும்பாலானவை மாமிசத்தின் பொருட்டே வளர்க்கப்படுவன. கம்பளி ரோமந் தருவன சிலவே. அவற்றுள் கோயம்புத்தூர்க் குரும்பை, திருச்சிக் கருங்குரும்பை என்பவற்றின் ரோமம் முரடானது. நீலகிரி ஆட்டின் ரோமம் மெல்லியது. ரோமத்தை அடிக்கடி கத்தரித்தால் அது தடித்து அடர்ந்து வளருமென்று ஆடு வளர்ப்போருட் சிலர் எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் தவறாதலை ரோமம் வளரும் விதத்தினின்றும் அறியலாம்.

ரோமம் வளரும் விதம்

கொம்பு, குளம்பு, நகம் ஆகியவற்றைப் போலவே ரோமமும் கெரட்டின் என்னும் புரதத்தாலாயது. மயிர்க்காலின் அடியிற் குமிழ் போன்றதோர் பாகம் உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் பெருகி மேலேறுங்கால், அவற்றினுள் கெரட்டின் இழைகள் நிறைந்து, கந்தகப் பிணைப்பினால் இறுகுகின்றன. பின்னர் அவ்வணுக்கள் உயிர் நீங்கி ரோமமாக வெளிப்படும். கத்தரி படுவது உயிரற்ற பாகமேயாதலால், கத்தரிப்பினால் ரோமத்தின் பருமனும் மயிர்க்கால்களின் தொகையும் மாறுவதில்லை.

மயிர்க்கால்கள் உண்டாகுங் காலம்

ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்களாம். கருவின் தோலில் முதல்வகை மயிர்க்கால்கள் சுமார் 60-ஆம் நாளிலும், மெல்லிய ரோமந்தரும் இரண்டாம் வகை சுமார் 90-ஆம் நாளிலும் தோன்றத் தொடங்கும். இரண்டாம் வகையிற் பல, குட்டி பிறந்த பின் முதற் சில மாதங்களிலேயே முதிர்ந்து ரோமம் விடும். அதன்பின் புதிய மயிர்க்கால்கள் உண்டாவதில்லை. எனவே, சினைக்காலத்தின் பிற்பகுதியில் தாயாடு பட்டினி கிடக்குமாயின், குட்டிக்கு நேரும் குறை அதன் ஆயுள் முழுதும் நிற்கும்; பின்னர் எவ்வளவு தீனியிட்டும் அது முற்றிலும் நீங்காது. இரட்டைக்குட்டி ஈனும் ஆடுகளின் விஷயத்தில் இதனை மிகவுங் கவனித்தல் வேண்டும்.

தீனி

ரோமத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பங்கு கந்தகம் உண்டு. புரதமும் கந்தகமும் குறைந்த தீனியினால் ரோமம் மெலியும். கடும் பஞ்சத்திலோ காய்ச்சலிலோ ரோமம் ஓரிடத்தில் மிக மெலிந்து, இழுத்தவிடத்து அற்றுப்போம். அத்தகைய ரோமம் நூற்புக்கு உதவாது. தாமிரமும் சிறிது வேண்டும். ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் தாமிரச்சத்துக் குறைந்த நிலங்களில் மேய்ந்த ஆடுகளின் ரோமம் சுருளிழந்து எஃகுக் கம்பி போலாயிற்று. ஆயினும் தாமிரம் சற்று மிகினும் செம்மறியாட்டிற்கு நஞ்சாம். ஆகையால் கால்நடை மருத்துவரின் யோசனையின்றி மயில்துத்தங் கொடுத்தலாகாது.

செய்யத்தக்கவை

சினையின் கடைசி இரண்டு மாதங்களில் ஆடொன்றுக்கு மேய்ச்சலுடன் நாளொன்றுக்கு 250 கிராம் அளவில், கடலைப் பிண்ணாக்கும் தானியமும் தவிடும் கலந்த தீனி இடுக. அகத்தி, வேலிமசால் போன்ற தழைகளுங் கொடுக்கலாம். குட்டி தாய்ப்பாலைக் குறைவின்றிக் குடிக்க விடுக. கோடையில் ஈனுமாறு சினைப்பட்ட ஆடுகளுக்கு, மேய்ச்சல் கருகுமுன்னரே தழையும் தீவனமும் சேமித்துவைத்தல் நலம். நல்ல ரோமமுடைய கிடாவைத் தெரிந்து சேர்ப்பினும், தாயாட்டின் வயிறு வாடின் அக்கிடாவின் குணம் குட்டியின் தோலில் முழுதும் விளங்காது.