திறன்பேசியில் களையெடுத்தல்

பயிர் வளரும் நிலத்தில் களையும் முளைத்தல் இயல்பு. திறன்பேசியும் அத்தகையதே. என்றோ ஒரு நாள் தேவைக்கென நிறுவிய செயலிகள் பின்னர்ப் பயனின்றித் தங்கிவிடுகின்றன. அவை இடத்தை அடைப்பதோடு நில்லா. முன்பு நாம் அளித்த அனுமதியைக் கொண்டு நம் இருப்பிடத்தையும் நண்பர்தம் எண்களையும் அறியவும் கூடும்.

ஆண்ட்ராய்டு பேசியின் முகப்பில் உள்ள சின்னத்தை அகற்றிவிட்டுச் செயலியே போயிற்று என மகிழ்வோர் பலர். பெயர்ப்பலகையைக் கழற்றினால் கடை மூடப்பட்டதாகுமோ? அமைப்புகள் என்னும் பகுதிக்குச் சென்று, செயலிகளின் பட்டியலில் வேண்டாததைத் தொட்டு, 'நிறுவல் நீக்கு' என்பதை அழுத்துதல் வேண்டும். சிலவற்றிற்கு அச்சொல் தோன்றாது. 'முடக்கு' என்பதே தோன்றும். பேசியை ஆக்கியோர், நாம் மாற்றவியலாத நினைவகப் பகுதியில் முன்னரே வைத்தவை அவை. முடக்கினால் அவை இயங்கா. ஆயினும் அவை கொண்ட இடம் முழுதும் நமக்கு மீளாது. விலை கொடுத்து வாங்கியவர்க்கு இவ்வுரிமை இல்லாமை வியப்பே! ஐபோனிலும் உடன்வந்த செயலிகளை அகற்றும் வசதி 2016-ஆம் ஆண்டிலேதான் வந்தது.

மாணவர்களே! கட்டணச் செயலியை நீக்குமுன் ஒன்று அறிமின். செயலி நீங்கினாலும் சந்தா நில்லாது. மாதந்தோறும் பணம் போய்க்கொண்டே இருக்கும். அதனைத் தனியே நிறுத்துதல் வேண்டும். நம் கணக்கும் அவ்வாறே நிறுவனத்தாரின் கணினியில் எஞ்சி நிற்கும். ஆதலின் முதலில் சந்தாவை நிறுத்தி, அடுத்துக் கணக்கை அழித்து, இறுதியிலேயே செயலியை நீக்குக. கணக்குத் தொடங்க இடந்தரும் செயலி அதனை அழிக்கும் வழியையும் தன்னுள்ளேயே தருதல் வேண்டும் என்னும் விதியை, ஆப்பிள் நிறுவனம் 2022 ஜூன் 30 முதல் நடைமுறைப்படுத்தியது.