திருப்புடைமருதூருக்கு ஒரு மிதிவண்டிச் செலவு

எளிதிற் சென்று மீளத்தக்க பயணத்திற்கும் முன்னேற்பாடு வேண்டுமோ என்று நண்பர் சிலர் எம்மை வினவினர். வேண்டும் என்பதே எம் விடை. கடிய பயணத்தில் அச்சமே ஒருவனை ஆயத்தம் செய்விக்கும். எளிய பயணத்திலோ அசட்டை அவனை முந்திக்கொள்ளும். இதனை யாம் நூலிற் கற்றிலேம். பிழை செய்து கற்றோம். அப்பிழையையும் அதனைத் திருத்திக்கொண்ட முறையையும், இனி இவ்வழிச் செல்ல விழையும் மாணவர்க்குப் பயன்படுமாறு ஈண்டு எழுதுகின்றோம்.

பொருநை நாட்டில் இயற்கைக் காட்சி காண விரும்புவோர் முதற்கண் நினைப்பது மேற்கு மலையையே. ஆயின் அங்குள்ள களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், 1988-ஆம் ஆண்டில் அமைந்த தமிழகத்தின் முதற் புலிகள் காப்பகமாகும். வனத்துறையின் இசைவின்றி அதனுள் நுழைதலாகாது. ஏற்றமும் மிகுதி, கொடுவிலங்குகள் வாழும் காட்டில் மிதிவண்டியில் திரிதல் அறிவுடைமையுமன்று. ஆதலின் சமநிலத்திலேயே ஒரு காப்பிடத்தைத் தேடினோம். திருப்புடைமருதூர் எமக்குக் கிடைத்தது.

இச்சிற்றூர் வீரவநல்லூரை அடுத்து, கடனா நதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில் உள்ளது. இங்குள்ள நாறும்பூநாதர் கோயிற் கோபுரத்தின் சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் கலைவாணர் பலரை ஈர்ப்பன. ஊரின் மரங்களிலே மஞ்சள்மூக்கு நாரையும், வெண்கொக்கும், மடையானும், நீர்க்காகமும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2002-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது, சரணாலயம், தேசியப் பூங்கா என்பவற்றோடு புதிய காப்பிட வகைகளும் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, அவ்விடத்து மக்களைக் கலந்துகொண்டு அமைக்கப்படுவது. அவ்வகையில் இந்திய நாட்டில் முதன்முதலாக 2005-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் அறிவிக்கப்பட்டது திருப்புடைமருதூர்க் காப்பிடமே. அதன் பரப்பு 2.84 ஹெக்டேர், அஃதாவது ஏறக்குறைய ஏழு ஏக்கர். முள்வேலியினும் மேலாக ஊராரின் அன்பே அதற்குக் காவலாயிற்று.

இத்துணைச் சிறிய இடத்திற்குத்தான் யாம் அறுவர் ஒரு மாசித் திங்களில் முதன்முறை சென்றோம். எட்டு மணிக்குத் திருநெல்வேலியை விட்டுப் புறப்பட்டோம். வீரவநல்லூர் வரை சுமார் 30 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. பேருந்துகளும் சுமைவண்டிகளும் எம்மை ஓரத்திற்குத் தள்ளின. இடைவழியில் ஒரு வண்டி பஞ்சராயிற்று. காற்றடிக்கும் பம்பு ஒருவரிடமும் இல்லை. நண்பகல் கடந்து, நாவறண்டு, ஒருவாறு ஊரை அடைந்தோம். அடைந்த மகிழ்ச்சியில் அறுவரும் ஒருங்கே மணியை அடித்துக்கொண்டு மரத்தடியிற் புகுந்தோம். மேலிருந்த பறவைகள் பெருங்கூட்டமாய் எழுந்து பறந்தன.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எம்மை நோக்கி, “தம்பிமாரே, பிள்ளை பெற்ற வீட்டுக்குள் இப்படியா மணியடித்துக்கொண்டு வருவது?” என்றார். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. மரத்தடியில் முட்டையொன்று விழுந்து உடைந்து கிடந்தது. அஃது எம்மால் விழுந்ததோ, முன்னரே விழுந்ததோ அறியேம். அறியாமையே எம்மை மிக வருத்தியது. தாய்ப்பறவை கூட்டை விட்டு நீங்கிய சிறு பொழுதிலே வெயில் முட்டையையும் குஞ்சையும் வாட்டும். காக்கை வந்து கொத்திச் செல்லும்.

அவ்வாரத்திலேதான் அகநானூற்றின் நான்காம் பாட்டை யாம் பாடங் கேட்டிருந்தோம். வினை முடித்து மீளும் தலைவன், பூஞ்சோலையில் துணையொடு தங்கிய வண்டுகள் மருளுமென்று அஞ்சித் தன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருவதாக அப்பாட்டிற் கூறப்படுகின்றது. அச்செய்திக்குத் திணையும் துறையும் எழுதி மதிப்பெண் பெற்றோர் யாமே. மணியடித்துப் பறவைகளை வெருட்டினோரும் யாமே. எழுத்தறியா மூதாட்டி அப்பாட்டின் பொருளை அறிந்திருந்தார்; யாம் அதன் சொல்லை மட்டும் அறிந்திருந்தோம். வீடு திரும்பும் வழியெல்லாம் இதுவே எம் பேச்சாயிற்று.

அடுத்த ஆண்டில் மீண்டும் செல்லத் துணிந்தபோது, புறப்படும் இடத்திலிருந்தன்றி, சென்று சேரும் இடத்திலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்கினோம். அவ்வாறு எண்ணிக் கண்டவை நான்கு.

முதலாவது, காலம். பறவைகளைக் காண்டற்குரியது காலைப் பொழுது. வெயில் ஏறுமுன் மரத்தடியை விட்டு நீங்கிவிடுதல் வேண்டும். ஆதலின் முதல் நாள் மாலையிலேயே வீரவநல்லூரை அடைந்து, நண்பர் ஒருவரின் மாமா வீட்டில் தங்கினோம். மறுநாள் விடியலில் எஞ்சியது சில கிலோமீட்டர்ச் சிறுவழியே. நெடுவழியையும் சிறுவழியையும் இரு நாளுக்குப் பகுத்தமையால் பயணம் எளிதாயிற்று.

இரண்டாவது, வழி. மீளும்போது நெடுஞ்சாலையைத் தவிர்த்து, சேரன்மகாதேவி நோக்கிக் கன்னடியன் கால்வாயின் கரையில், மண்ணும் சரளும் பரவிய பாதை உள்ள இடங்களிற் சென்றோம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் ஒன்றாகிய கன்னடியன் அணைக்கட்டிலிருந்து பிரிந்து, தென்கரை வயல்களுக்கு நீரூட்டுவது இக்கால்வாய். கால்வாய் நிலத்தின் சரிவை அணைந்து மெல்ல இறங்கிச் செல்வதாகலின் அதன் கரையில் மேடுபள்ளம் குறைவு. புதியோரும் களைப்பின்றி மிதிக்கலாம். ஆயின் மாசி, பங்குனியில் பிசான நெல் அறுவடை நிகழும். களத்து வேலையும் வைக்கோல் வண்டியும் வழியை மறிக்கும். உழவர்க்கு வழிவிட்டு இறங்கி நிற்றல் எம் கடன். மடை உள்ள இடங்களிலும், மக்கள் நீராடும் படித்துறையிலும் வண்டியைத் தள்ளிக்கொண்டே செல்லல் வேண்டும். எப்பாதை செல்லத்தக்கது என்பதை அவ்வூராரிடம் அன்றன்று கேட்டறிதல் நலம்.

மூன்றாவது, வண்டி. 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த டன்லப் என்பார் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்தை உண்டாக்கினார். கல்லிலும் மேட்டிலும் ஏறும் அதிர்ச்சியை அக்காற்றே தாங்குகின்றது. காற்று மிக இறுகினால் சரளில் வண்டி துள்ளிச் சறுக்கும். மிகத் தளர்ந்தால் கல்லுக்கும் இரும்பு வளையத்திற்கும் இடையே ட்யூப் நசுங்கிக் கிழியும். ஆதலின் நெடுஞ்சாலைக்கு வைத்ததிற் சிறிது குறைத்துக்கொள்ளல் தகும். சரளில் முன்சக்கரத் தடையைத் திடுமெனப் பிடித்தல் கூடாது. பின்தடையையே மெல்லப் பிடித்தல் வேண்டும். அறுவர்க்கும் பொதுவாக ஒரு பம்பும், ஒட்டுப்போடும் பொருள்களும், ஒவ்வொருவர்க்கும் குடிநீரும் கொண்டுசென்றோம்.

நான்காவதும் தலையாயதும் ஒழுக்கம். ஊரின் எல்லையிலேயே இறங்கிவிட்டோம். ஒவ்வொரு வண்டியின் மணியிலும் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினோம். இருவர் இருவராகச் சென்று, மரத்தடிக்குப் போகாமல் எட்ட நின்று, அரைமணி நேரம் மட்டும் பார்த்தோம். நாரையொன்று அலகிற் குச்சியைக் கவ்விவந்து கூட்டிற் செருகிற்று. அதன் துணை அதனை இழுத்து வேறிடத்தில் வைத்தது. குஞ்சுகளின் கரகரப்பு ஓயாது கேட்டது. ஒரு பறவையும் எமக்காக எழுந்து பறக்கவில்லை. சென்ற முறை பறக்கும் சிறகுகளைக் கண்டோம். இம்முறை வாழும் குடும்பங்களைக் கண்டோம்.

அம்மூதாட்டியைத் தேடினோம், கண்டிலேம். வண்டியின் மணியிற் கைக்குட்டை கட்டியிருப்பதைக் கண்ட சிறுவன் ஒருவன் ஏன் என்று கேட்டான். காரணம் சொன்னோம். “இது எங்களுக்குத் தெரியாதா!” என்று நகைத்து ஓடினான்.

மாணவ நண்பர்காள்! பழந்தமிழில் ‘செலவு’ என்பது பயணத்திற்குப் பெயர். நம் செலவிற்காகப் பிறவுயிர் யாதொன்றும் செலவழியாதிருக்குமாறு திட்டமிடுதலே எளிய பயணத்தின் இலக்கணம் என்று யாம் கொண்டோம். மறந்துவிடாதிருக்கும்பொருட்டு, ஊர் திரும்பிய பின்னும் எம்முள் ஒருவர் தம் வண்டிமணியில் அக்கைக்குட்டையைச் சில நாள் அவிழ்க்காமலே வைத்திருந்தார்.