டிராகுலா ஏன் பயமுறுத்தவில்லை?

பள்ளி விடுமுறையின் முதல் இரவு. வரவேற்பறை விளக்குகளை அணைத்துவிட்டு அண்ணனும் தங்கையும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது 1931-ஆம் ஆண்டு ஹாலிவுட்டில் வெளிவந்த ‘டிராகுலா’. இரத்தக் காட்டேரிப் படங்களுக்கு முன்னோடி என்று பெயர் பெற்ற படம். எழுபத்தைந்து நிமிடங்களில் படம் முடிந்தபோது, தங்கை தலையணையை அணைத்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள்.

“பழைய படம், அப்படித்தான் இருக்கும்,” என்றான் அண்ணன், அவளை எழுப்பியவாறே.

அவன் சொன்னது சரிதானா?

படத்தின் தொடக்கத்தில் குறை சொல்ல அதிகமில்லை. பாழடைந்த கோட்டை. கையில் மெழுகுவர்த்தியுடன் விருந்தாளிக்கு வழிகாட்டிக்கொண்டு படியேறுகிறார் டிராகுலா பிரபு. வழியை மறைத்திருக்கும் பெரிய சிலந்தி வலையைக் கிழிக்காமலேயே அவர் கடந்துவிடுகிறார். பின்னால் வரும் விருந்தாளியோ கைத்தடியால் அதைக் கிழிக்க வேண்டியிருக்கிறது. ஹங்கேரியில் பிறந்த பேலா லுகோசி, சொற்களை மெதுவாக இழுத்துப் பேசியே கேட்பவரை நடுங்க வைக்கிறார். அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் ஆர்மடில்லோ இந்த ஐரோப்பியக் கோட்டைக்குள் உலவுவது வேடிக்கைதான். ஆனாலும் அதை மன்னித்துவிடலாம்.

கதை லண்டனுக்கு வந்ததும் படம் தளர்கிறது. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய நாவலைத் தழுவி ஒரு மேடை நாடகம் உருவானது. படம் பெரும்பாலும் அந்த நாடகத்தையே பின்பற்றியது. மேடையில் ஓநாயை ஓடவிட முடியாது. ஆகவே, ஒருவர் சன்னல் அருகே நின்று, வெளியே தெரிவதைச் சொல்ல வேண்டும். கேமராவுக்கு அந்தத் தடை இல்லை. இருந்தும் படத்தில் ஒருவர் சன்னல் வழியே பார்த்து, பெரிய நாய் போன்ற ஒன்று புல்வெளியில் ஓடுவதாகச் சொல்கிறார். நாம் அதைப் பார்ப்பதில்லை. டிராகுலாவின் முடிவுகூட நம் கண்ணுக்குத் தெரியாமலேயே நிகழ்கிறது. ஒரு முனகல் மட்டும் கேட்கிறது. பின்னணி இசையும் ஏறக்குறைய இல்லை. திகில் படத்தில் பயத்தை வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது?

இதற்கெல்லாம் படத்தின் வயதுதான் காரணம் என்று தள்ளிவிட முடியாது. பேசும் படங்கள் புதிதாக வந்த அக்காலத்தில், வேற்றுமொழி இரசிகர்களுக்காக ஒரே கதையை மீண்டும் படமாக்குவது வழக்கம். ‘டிராகுலா’வையும் பகலில் ஆங்கிலக் குழு எடுத்தது; இரவில் அதே அரங்கங்களில் ஸ்பானிஷ் குழு எடுத்தது. ஸ்பானிஷ் படத்தை இயக்கிய ஜார்ஜ் மெல்ஃபோர்டுக்கு அந்த மொழியே தெரியாது! ஆயினும் அவருடைய படத்தில் கேமரா சும்மா நிற்பதில்லை. டிராகுலா படிக்கட்டில் முதன்முதலாகத் தோன்றும்போது அது அவரை நோக்கி விரைந்து மேலேறுகிறது. அதே கதை, அதே கோட்டை, அதே ஆண்டு. ஆனால் காட்டிய விதம் வேறு. அந்தப் படத்திலும் குறைகள் உண்டு. அது 104 நிமிடங்கள் நீள்கிறது. அதில் டிராகுலாவாக நடித்தவர் லுகோசிக்கு ஈடாகவில்லை.

மறுநாள் இரவு தங்கை அந்த ஸ்பானிஷ் படத்தைத் தேடி எடுத்தாள். அண்ணன் அரைமனத்தோடு வந்து அமர்ந்தான். படிக்கட்டுக் காட்சி வந்தது, போனது.

“கொஞ்சம் நிறுத்து,” என்றான் அவன். “அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை போடு.”