முல்லைப்பாட்டு: படைவீரன் வீட்டுக் காத்திருப்பு

மாணவர்களே, படைவீரர் குடும்பங்கள் இன்று பண்டிகை விடுமுறையை எண்ணி நாட் கணக்கிடுகின்றன. சங்ககாலத்தில் அவ்வாறு எதிர்பார்த்த நாள் கார்காலத் தொடக்கம்.

நூல்: பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. 103 அடிகள். பாடியவர் நப்பூதனார்.

வினா: தலைவன் பிரிவால் வீட்டிலும் பாசறையிலும் ஏற்பட்ட நிலையை விளக்குக.

விடை: மழை தொடங்கியும் தலைவன் வரவில்லை. முதுபெண்டிர் நெல்லும் முல்லை மலரும் தூவி வழிபட்டு, ஊர்ப்புறத்தே விரிச்சி (நற்சொல்) கேட்டு நிற்கின்றனர். குளிரில் நடுங்கும் ஆயர் மகள் ஒருத்தி, தாய்ப்பசுவுக்கு ஏங்கும் கன்றை, தாய் விரைவில் வருமெனத் தேற்றுகிறாள். அதையே நற்சொல்லாகக் கொண்டு தலைவிக்குக் கூறுகின்றனர். ஆயினும் தலைவி உறங்கவில்லை. கழலும் வளையைச் செறித்துத் துயரை அடக்குகிறாள். பாசறையில் அரசனும் உறங்கவில்லை. புண்பட்ட யானைகளையும் இறந்த வீரரையும் நினைக்கிறான். முடிவில் வென்று மீள்கிறான். தேர்க்குதிரைகளின் ஒலி தலைவியின் செவியை நிறைக்கிறது.

கவனிக்க:
1. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். பெரும்பொழுது கார் (ஆவணி, புரட்டாசி). தோப்பூர் வயல்களுக்குப் பெருமழை ஐப்பசிக்குப் பின்னரே. குழப்பிக்கொள்ள வேண்டாம்.
2. "தலைவி வருந்தினாள்" என்று மட்டும் எழுதுவது போதாது. போர் இருவர் உறக்கத்தையும் பறித்தது என்பதையும் எழுதுக.