எல்லோரும் படிக்கும் இணையதளம்

திருவட்டாற்றில் கடைக்கோ சங்கத்துக்கோ இணையதளம் அமைக்கிறீர்களா? விழா நோட்டீசைப் படம்பிடித்து அப்படியே ஏற்றாதீர்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ, டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்களுக்கு அது பெரும்பாலும் வெறும் படம்தான். தேதி, நேரம், இடத்தை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வாசிப்பு குழறிவிடும்.

ஊரிலுள்ள ஆதிகேசவப் பெருமாள் கோயில் பிரகாரப் படத்துக்கு, திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையாக ‘கோயில்’ என்று மட்டும் எழுதுவது அநியாயம். ‘விளக்கேந்திய பாவைச் சிற்பத் தூண்கள் வரிசையாக நிற்கும் நீண்ட பிரகாரம்’ என்று எழுதினால் பார்வையற்றவருக்கும் காட்சி கிடைக்கும்.

எழுத்துக்கும் பின்னணிக்குமான நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கட்டும். காணொளிக்கு வசன வரிகள் வேண்டும். கடைசியில் மவுசைத் தொடாமல் டேப், என்டர் போன்ற விசைகளால் மட்டும் தளம் முழுக்கச் சென்று பாருங்கள். சிக்கும் இடத்தைத் திருத்துங்கள்.