தோரணம் மங்கல், கோயில் பளிச்!



எங்கள் குழு செய்த சிப்பித் தோரணத்தை மாமல்லபுரம் கடற்கரையில் கையில் தூக்கிப் பிடித்து, பின்னால் கடற்கரைக் கோயில் தெரியும்படி செல்போனில் போட்டோ எடுத்தோம். சென்னைக் கடைக்காரர் ஒருவருக்கு அனுப்பினோம். "கோயில் நல்லா இருக்கும்மா, தோரணம் எங்கே?" என்று கேட்டார். சிப்பி எல்லாம் மங்கல்! ஆர்டர் வரவில்லை. நாலு நாள் உட்கார்ந்து கோர்த்தது வீணாச்சே என்று வருந்தினோம். பிறகுதான் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டோம்.

1. போகஸ்

ஊசியில் நூல் கோர்க்கும்போது நம் பார்வை ஊசிக்காதில் இருக்கும். எதிரே நிற்பவர் மங்கலாகத் தெரிவார். கேமராவும் அப்படித்தான். ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும். அந்த இடமே போகஸ். எங்கள் போன் கோயிலைப் பார்த்துவிட்டது, சிப்பியை விட்டுவிட்டது. போன் திரையில் பொருளின்மேல் விரலால் ஒருமுறை தொட்டால் போகஸ் அங்கே வந்துவிடும். ரொம்பக் கிட்டே போனால் எந்தப் போனும் திணறும். ஒரு முழம் தள்ளி நின்று எடுங்கள்.

2. அப்பர்ச்சர்

லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளைக்கு அப்பர்ச்சர் என்று பெயர். வெயிலில் நம் கண்மணி சுருங்கும், இருட்டில் விரியும் அல்லவா? அதே வேலைதான். பெரிய கேமராவில் இதை எப் 2.8, எப் 8 என்று எண்ணால் குறிப்பார்கள். எண் கூடினால் துளை சின்னது. 40-ம் நம்பர் நூலைவிட 80-ம் நம்பர் நூல் மெலிசு இல்லையா, அதுபோல.

துளை பெரிதானால் (எப் 2.8) பொருள் மட்டும் தெளிவு, பின்னால் உள்ளது மங்கல். ஒற்றைக் கூடை, தோரணம் எடுக்க நல்லது.

துளை சின்னதானால் (எப் 8) முன்னும் பின்னும் தெளிவு. அர்ஜுனன் தபசு பாறை முன்னால் குழுவாக நின்று எடுக்க இதுதான் சரி. 2017-ல் புவிசார் குறியீடு பெற்ற மாமல்லபுரம் கற்சிற்பத்தைக் கிட்டத்தில் எடுக்கும்போதும் இதையே வையுங்கள். இல்லாவிட்டால் மூக்கு தெளிவாக வரும், காது மங்கிவிடும்.

ஆனால் சின்னத் துளையில் வெளிச்சம் குறையும். எப் 2.8-ஐவிட எப் 5.6-ல் நாலில் ஒரு பங்குதான் நுழையும். அதை ஈடுகட்ட கேமரா அதிக நேரம் திறந்திருக்கும். கை ஆடினால் படம் கலங்கும். மேசைமேல் வைத்து எடுங்கள்.

செல்போனில் எப்படி?

பெரும்பாலான போன்களில் துளையை மாற்ற முடியாது. 'போர்ட்ரெய்ட்' என்ற வசதி கணக்குப் போட்டுப் பின்னணியை மங்கலாக்கும். சில சமயம் கூடையின் கைப்பிடியையும் சேர்த்து மங்கலாக்கிவிடும்! அனுப்புமுன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கடற்காற்றில் லென்ஸில் உப்புப் படியும். மெல்லிய துணியால் துடைத்துவிட்டு எடுங்கள்.

குழுவில் செய்து பாருங்கள்

ஒரு பொருளைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் வையுங்கள். ஒருமுறை பொருளைத் தொட்டும், ஒருமுறை சுவரைத் தொட்டும் படம் எடுங்கள். எந்தப் படத்தைப் பார்த்தால் வாங்கத் தோன்றுகிறது? கூட்டத்தில் பேசுங்கள்.

நாங்கள் தோரணத்தை மறுபடி எடுத்து அனுப்பினோம். இந்த முறை "ஒரு சரம் என்ன விலை?" என்றுதான் கேட்டார் கடைக்காரர். நம் கைவேலையை அவர் கண்ணுக்குக் காட்டிவிட்டோம் சகோதரிகளே!